நான்காம் மாதிரி

பிப்ரவரி 3, ஞாயிறு

மாடிக் குழாயில் மூன்றாவது நாளாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறது. தொட்டி கழுவ வருவதாகச் சொன்னவன் வரவில்லை. வேலைக்கு வரும் தேசம்மா, குடிக்கிற தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிறாள். சொன்னால், "இன்னாம்மா பண்றது, உன் பீங்கானெல்லாம் காவி கட்டிக்கினா நீதானே கத்துவே" என்கிறாள். நான் கத்துவதில்லை. ஒரு முறை சொல்வேன், அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன தயாளன் பன்னிரண்டரைக்கு வந்தார். ஒரு காலத்தில் தலைமை ரசிகர் மன்றத்தின் தலைவர். இப்போது என் கணவர் பெயரில் உள்ள அறக்கட்டளையின் செயலாளர். நடிகர் சந்திரவாணன் எல்லோருக்கும் அண்ணன். அதனால் நான் முகம் தெரியாத பல லட்சம் பேருக்கு அண்ணி. தயாளனுக்கு அறுபத்தாறு வயது. அவருக்கும் அண்ணிதான்.

இந்த வீட்டின் கீழ்த்தளம் நினைவில்லம் ஆகிறது. மார்ச் 10, அவருடைய பிறந்தநாள் அன்று திறப்பு. உடைகள், கேடயங்கள், பச்சைக் கார் எல்லாம் உண்டு. ஆனால் முக்கியம் கடிதங்கள்தான் என்கிறார் தயாளன்.

"மத்த நடிகருங்க எல்லாம் போட்டோ அனுப்பினாங்க அண்ணி. கைப்பட பதில் போட்டது நம்ம அண்ணன் ஒருத்தர்தான். அதை இந்தக் காலத்துப் பசங்க பார்க்கணும்."

பழைய ரசிகர்களிடமிருந்து இதுவரை முந்நூறு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. இருக்காது.

பிப்ரவரி 4, திங்கள்

தொட்டி கழுவியாயிற்று. அடியில் ஒரு பல்லி.

நேற்று எழுதியதைப் படித்தேன். பின்னால் இந்த நோட்டை யாராவது எடுத்துப் படித்தால் தவறாக நினைக்கக் கூடாது. படப்பிடிப்புக்கு இடையில் அவருக்கு நேரம் இருக்காது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கையெழுத்து மட்டும் அவர் போடுவார். பெரிய மனிதர்கள் எல்லோர் வீட்டிலும் இதுதான் வழக்கம்.

பிப்ரவரி 7, வியாழன்

கண்ணுக்குச் சொட்டு மருந்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தேசம்மா வரவில்லை. தயாளன் தொலைபேசியில் இருபது நிமிடம் பேசினார்.

பிப்ரவரி 11, திங்கள்

மூன்று மணிக்குத் தயாளன் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். சத்துணவு அமைப்பாளர் வேலை. நாற்பத்தாறு வயது என்றாள், கூடுதலாகத் தெரிந்தது. பெயர் முப்பிடாதி. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடுத்துரும்மா, அண்ணி பார்க்கட்டும்" என்றார் தயாளன்.

"குடுக்கத்தான் வந்திருக்கேன். அதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேக்கணும்."

அவளுடைய அண்ணன் சுடலைமுத்து. 1983-ல் பதினாறு வயது. கோடை விடுமுறை முடிகிற நேரம், சினிமாவில் சேர்கிறேன் என்று சென்னைக்கு ரயில் ஏறியவன் திரும்பவில்லை. என் மகன் உங்களைத் தேடித்தான் வந்தான், பார்த்தீர்களா என்று தாய் கேட்டு எழுதியிருக்கிறாள்.

"எங்கம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் அப்ப அஞ்சாப்பு. அவ சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். பதில் வந்ததும் நான்தான் படிச்சேன்."

கடிதத்தை நீட்டினாள். பார்க்காமலே எனக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

'அன்புள்ள தாயே, உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் அன்பு என் பாக்கியம். கவலை வேண்டாம். உங்கள் மகன் நன்றாக வருவான். அன்புடன், சந்திரவாணன்.'

"இதைப் படிச்சதும் எங்கம்மை எழவு வீடு மாதிரி இருந்த வீட்டைக் கழுவிவிட்டா. வருவான்னு அண்ணனே எழுதிட்டாருல்லா. அவரு பாத்திருக்காரு, வேலை போட்டுக் குடுத்திருக்காரு, நல்ல நெலைமைக்கு வந்து அப்புறம் வருவான்னு ஊரெல்லாம் சொன்னா. முப்பத்தாறு வருசமாச் சொல்லுதா. ரேசன் கார்டுல இன்னும் அவன் பேரு இருக்கு. ஆளு இல்லைன்னு எடுக்க வந்த ஆபீசர்ட்ட இந்தக் கடுதாசியைக் காட்டிச் சண்டை போட்டிருக்கா. அந்த ஆபீசரும் அண்ணன் ரசிகரு. எடுக்காமப் போயிட்டாரு."

தயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பப் படுத்துட்டா. கஞ்சி குடிக்க மாட்டுக்கா. உசுரு போவவும் மாட்டுக்கு. அவன் வரட்டும்னு கெடக்கா. நான் போயி ஒண்ணு, அவரு பாத்தாருன்னு சொல்லணும். இல்ல, பாக்கலை, சும்மா எழுதினதுன்னு சொல்லணும். எதுவானாலும் சரி, உண்மையைச் சொன்னா அவ கண்ணை மூடுவா. அண்ணன் எங்க அண்ணனைப் பாத்தாரா, அம்மா?"

தயாளன் என்னைப் பார்த்தார். கீழே ஆட்கள் கண்ணாடிப் பெட்டி செய்ய மரம் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவர் பார்க்காமல் எதையும் எழுதமாட்டார்" என்றேன்.

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே இறங்கியது. எழுந்து என் காலைத் தொட்டாள். அப்பப் பாத்திருக்காரு, அப்பப் பாத்திருக்காரு என்று இரண்டு முறை சொன்னாள். கடிதத்தைத் தயாளனிடம் கொடுத்தாள். ஜெராக்ஸ் போதும், அம்மைக்கு வித்தியாசம் தெரியாது என்றவள், ஒரு கணம் யோசித்து, "தெரியும். இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். விலாசம் கேட்டேன். எழுதிக் கொடுத்தாள். சத்துணவுக் கூடத்துப் பதிவேட்டில் எழுதுகிறவர்களுக்கு இருக்கும் உருண்டையான எழுத்து.

போகும்போது அவள் காபி குடித்த தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தாள் என்று தேசம்மா சொன்னாள்.

பிப்ரவரி 12, செவ்வாய்

நான்கு மாதிரிகள் இருந்தன. நான் உருவாக்கியவை. முதல் மாதிரி, பாராட்டுக்கு நன்றி. இரண்டாவது, நடிக்க வாய்ப்புக் கேட்கும் பையன்களுக்கு: 'படிப்பை விடாதே தம்பி. சென்னை வரும்போது அவசியம் வீட்டுக்கு வா.' மூன்றாவது, கல்யாணப் பத்திரிகைகளுக்கு. நான்காவது, பிள்ளைகளைப் பற்றி எழுதும் தாய்மார்களுக்கு. மகன் படிக்கவில்லை, மகனுக்கு உடம்பு சரியில்லை, மகனுக்கு உங்கள் பெயர் வைத்திருக்கிறோம், எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 'நன்றாக வருவான்' என்பது ஆசீர்வாதம். தமிழ் தெரிந்த யாரும் அதை, கிளம்பி வருவான் என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

பத்து வயதுப் பெண் படித்திருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒரு நாளைக்கு இருநூறு கடிதம். முழுவதும் படிக்க முடியாது. முதல் வரியும் கடைசி வரியும் பார்ப்பேன்.

பிப்ரவரி 14, வியாழன்

எரிவாயு உருளை வந்தது. திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டேன்.

நான் படித்த கான்வென்ட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குப் பிறகு, வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். சிஸ்டர் பெனடிக்டா கரும்பலகையில் எழுதுவார்: 'அன்புள்ள அப்பாவுக்கு, நான் இங்கு நலம். நன்றாகப் படிக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன்.' நாற்பது பெண்களும் அதைப் பார்த்து எழுதுவோம். எழுத்து கோட்டைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. எனக்கு டைபாய்டு வந்து மருத்துவ அறையில் கிடந்த ஞாயிறும் எழுதினேன், நான் இங்கு நலம் என்று. அந்த மாதம் சிறந்த கையெழுத்துக்கான பதக்கம் எனக்குத்தான்.

அப்பா இறந்தபோது அவர் பெட்டியில் அந்தக் கடிதங்கள் எல்லாம் இருந்தன. ஒன்பது வருடக் கடிதங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. மடிப்புகள் தேய்ந்திருந்தன.

பிப்ரவரி 18, திங்கள்

தயாளன் வந்தார். முப்பிடாதி கொடுத்த கடிதம்தான் மண்டபத்தின் நடுவில் இருக்கப்போகிறது. பெரிதாக்கி, பின்னால் விளக்குப் போட்டு வைப்பார்களாம்.

"முந்நூறு லெட்டர்ல இதுதான் அண்ணி உயிர். ஒரு ஏழைத் தாய்க்கு அண்ணன் குடுத்த நம்பிக்கை. அதுதான் அவளை முப்பத்தாறு வருஷம் வாழவெச்சிருக்கு, பாருங்க."

அதை வைக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எழுத்து மங்கியிருக்கிறது என்றேன்.

"மங்கினாத்தான் அண்ணி அழகு."

பிப்ரவரி 19, செவ்வாய்

அவர் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர். அதுவும் ஒழுங்காகப் போனதில்லை. வசனத்தை யாராவது ஒரு முறை படித்துக் காட்டினால் போதும், நான்கு பக்கம் அப்படியே சொல்வார். கடவுள் அதை மட்டும் கொடுத்திருந்தார். கல்யாணமான வருடம், நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவருடைய பெயரை எழுதிக்காட்டி, இரண்டு மாதம் பழக்கினேன். கடைசி எழுத்தில் இருக்கும் அந்த நீண்ட வால் என் வால். கையெழுத்தையும் பிறகு நானே போட்டுவிடுவேன். அவர் போட்டால் கோணும்.

என்னைக் கான்வென்ட்டு என்று கூப்பிடுவார். "இந்தா கான்வென்ட்டு, இன்னைக்கு எத்தனை மூட்டை?" எண்ணிக்கை குறைந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. படம் ஓடுகிறதா என்று விநியோகஸ்தர்களைக் கேட்கமாட்டார், தபால்காரனைக் கேட்பார். மாலையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், நான் படிப்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் வீட்டில் இருந்தார் என்று சொல்லலாம்.

கடைசிப் பன்னிரண்டு வருடம் கடிதம் வரவில்லை. முதலில் மாதம் பத்து, பிறகு ஒன்று, பிறகு இல்லை. நான் வெள்ளைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். மதுரையில் இருந்து ஒரு ஆசிரியர், சேலத்தில் இருந்து ஒரு கல்லூரி மாணவி. அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம். ஒரு நாள் மட்டும், "அந்தப் பொண்ணு போன வாரமும் இதையேதானே எழுதியிருந்துது" என்றார். கண்ணைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 22, வெள்ளி

இரும்பு அலமாரியில் இருந்து 1983-ஆம் வருட டைரியை எடுத்தேன். என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

'ஜூன் 9. வாசலில் ஒரு பையன். கையில் நம் கடிதம், இரண்டாம் மாதிரி. பெயர் சுடலைமுத்து என்கிறானாம். காவலாளி மாசிலாமணி போகச் சொல்லியும் போகவில்லை.

ஜூன் 10. பையன் இன்னும் நிற்கிறான். தயிர்சாதம் கொடுத்தனுப்பினேன். வெள்ளிச் சாமான்கள் துலக்கியாயிற்று.

ஜூன் 11. இவர் கார் கிளம்பும்போது பையன் குறுக்கே ஓடி வந்து கடிதத்தை நீட்டினான். இவர் கை அசைத்தார். மாலையில் மாசிலாமணி அவனை விரட்டிவிட்டான். திரைச்சீலைத் துணி வந்தது. நிறம் சரியில்லை, திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 24. அந்தப் பையனின் தாய் எழுதியிருக்கிறாள். இவருக்குப் படித்துக் காட்டினேன். நான்காம் மாதிரி.'

அன்று அந்தத் தாயின் கடிதத்தை முழுவதும் படித்தேன். பென்சிலால், கோடு போட்ட நோட்டுத் தாளில், ஒரு குழந்தை எழுதிய கடிதம். முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் அல்ல.

அந்த மாதம் ஒரு வாரப் பத்திரிகை எழுதியிருந்தது, இவரைப் பார்க்க ஓடி வரும் பையன்கள் தெருவில் நிற்கிறார்கள் என்று. அவர் முகம் கழுவிக்கொண்டே சொன்னார்: "வந்தான்னு எழுதினா, எங்கேன்னு கேட்பாங்க. அந்த லெட்டரைத் தூக்கிக்கிட்டு பத்திரிகைக்குப் போவாங்க. நாலாம் நம்பரைப் போடு, கான்வென்ட்டு."

போட்டேன்.

மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டம் போட்ட சட்டை. வெயிலுக்கு அந்தக் கடிதத்தைத்தான் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிப்ரவரி 23, சனி

ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 25, திங்கள்

முப்பிடாதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஏழு தாள்களைக் கிழித்தேன். விஷயம் வராததால் அல்ல. எழுதிப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் அவருடைய கடிதம் மாதிரியே இருக்கிறது. அதே சாய்வு, அதே வால். இடது கையால் எழுதிப் பார்த்தேன். நானே படிக்க முடியவில்லை. வாலை வெட்டி எழுதினேன். இரண்டாம் வரியில் வால் தானாக வந்துவிட்டது. இறந்துபோன ஒருவர் மன்னிப்புக் கேட்பதுபோல் இருக்கிறது.

பிறகு தோன்றியது, அதுதான் சாட்சி என்று. நான்தான் எழுதினேன் என்று எந்தக் கையெழுத்தில் சொன்னாலும் நம்பமாட்டார்கள். இந்தக் கையெழுத்தில் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் எழுதினேன். வீட்டுக்கு வா என்று அவனுக்கு எழுதியது நான். அவன் வந்தான், மூன்று நாள் நின்றான், நான் கீழே இறங்கவில்லை. அவன் இங்கிருந்து எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது. 'நன்றாக வருவான்' என்று எழுதியதும் நான்தான்; அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அன்று உன்னிடம் சொன்னது பொய். இவ்வளவும் ஒன்றரைப் பக்கத்தில் வந்துவிட்டது. என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். பழக்கமில்லாமல் கோணியது.

தேசம்மாவிடம் கொடுக்கவில்லை. தபால் நிலையத்துக்கு நானே நடந்தேன். விரைவுத் தபால் வாங்குகிற இடத்தில் இருந்த பெண் உறையைப் பார்த்து, "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு பாட்டி" என்றாள்.

மார்ச் 1, வெள்ளி

பதில் இல்லை. பூந்தொட்டிகளுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். வாடை.

மார்ச் 5, செவ்வாய்

முப்பிடாதி தொலைபேசியில் பேசினாள். பத்தரை மணி. நான் வெண்டைக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"லெட்டர் கெடச்சுது."

"படித்தாயா?"

"தபால்காரரு எங்கம்மை கட்டில்கிட்டதான் போட்டுட்டுப் போனாரு. கவரைப் பாத்ததும் எந்திரிச்சு உக்காந்துட்டா. பத்து நாளா பொரண்டு படுக்கக்கூட முடியாதவ. அவளுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கையி தெரியும். முப்பத்தாறு வருசமா பாக்காள்லா. அவரு எழுதிட்டாரு, பிரிட்டி, படிட்டின்னு கத்துதா. செத்தவரு எப்பிடி எழுதுவாருன்னு அவளுக்குத் தோணலை."

வெண்டைக்காயைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள்.

"நின்னுக்கிட்டு மனசுக்குள்ளயே ஒரு வாட்டி படிச்சேன். அவ என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு சத்தமாப் படிச்சேன். உங்கள் மகன் கிளம்பிவிட்டான்னு படிச்சேன்."

அவளுக்குப் பின்னால் ஆடு கத்தியது.

"ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. அவனுக்குத் துண்டு எடுத்து வையின்னா. மறுநா காலையில போயிட்டா. ஞாயித்துக்கிழமை."

"முப்பிடாதி" என்றேன்.

"சின்னப்புள்ளையில நீங்க எழுதினதை அப்பிடியே படிச்சேன். இப்ப நீங்க எழுதாததைப் படிச்சிருக்கேன். ரெண்டுக்கும் அவ ஒரே மாதிரிதான் சிரிச்சா. எங்கண்ணன் அங்க வந்து நின்னான்னு நீங்க அன்னைக்கே ஒரு வரி போட்டிருந்தா, எங்கப்பா அடுத்த ரயிலைப் பிடிச்சிருப்பாரு. அவரு அப்ப உசுரோட இருந்தாரு."

"நான் வந்து…"

"வராதீங்க. ரேசன் கார்டுல ரெண்டு பேரு எடுக்கணும், அந்த வேலை இருக்கு எனக்கு. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான். இனிமே யாருக்கும் எழுதாதீங்க."

வைத்துவிட்டாள். அம்மா என்று ஒரு முறைகூட அழைக்கவில்லை.

மார்ச் 6, புதன்

தயாளனைக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தை எடுத்துவிடச் சொன்னேன். கிழவி இறந்துவிட்ட செய்தி அவருக்கும் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் கீழ் வைக்கும் பலகையில், 'இறுதி மூச்சு வரை அண்ணனின் சொல்லை நம்பிய தாய்' என்று சேர்க்கச் சொல்லிவிட்டாராம்.

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை என்று.

தயாளன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணி, நீங்க வேற அண்ணன் வேறயா? எங்களுக்கு அப்படி இல்லை" என்றார். பிறகு தேசம்மாவைத் தனியே அழைத்து, அம்மா வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார்.

மார்ச் 10, ஞாயிறு

திறப்பு. சாம்பல் நிறப் பட்டு கட்டினேன். நானூறு பேர் இருக்கும். பெரும்பாலோர் என் வயதை நெருங்குகிறவர்கள். சட்டைப்பையில் அவர் படம் குத்தியிருந்தார்கள். வந்திருந்த பிரமுகர் நடு மண்டபத்தில் நின்று, விளக்குப் போட்ட கடிதத்தை உரக்கப் படித்தார். 'உங்கள் மகன் நன்றாக வருவான்' என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பின்வரிசையில் யாரோ அழுதார்கள்.

பார்வையாளர் பதிவேட்டில் முதல் பக்கம் எனக்கு. தடித்த தாள், நல்ல பேனா. தயாளன் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "ஒரு வரி, அண்ணி. எது வேணா எழுதுங்க."

பதிவேட்டில் இருந்து கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு முழத் தூரம்கூட இல்லை. ஒரு வரி எழுதினால் போதும். கண் உள்ளவர்கள் இரண்டையும் பார்த்துவிடுவார்கள். தயாளனும் மாத்திரையைப் பற்றிக் கேட்க முடியாது. பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். ஒரு புள்ளி விழுந்தது.

யாருக்கும் எழுதாதீங்க என்றாள். இந்த நானூறு பேரும் யாரோதானே.

"எழுதவில்லை" என்றேன்.

"கை நடுங்குதா அண்ணி? பரவாயில்லை, பரவாயில்லை." யாரையோ ஓடச் சொன்னார். அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்து மைப்பெட்டி வந்தது. என் இடது கைப் பெருவிரலை அவரே பிடித்து மையில் அமுக்கி, பக்கத்தின் நடுவில் வைத்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் படம் எடுத்தார்கள்.

மாடிப்படி ஏறும்போது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கைநாட்டா இவங்க?"

"அந்தக் காலத்துப் பொம்பளை, பாவம். ஆனா அவரு பாரு, என்னமா எழுதியிருக்காரு. முத்து முத்தா."

சோப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிட்டேன். மை நகக் கண்ணில் இன்னும் இருக்கிறது.